ரொட்டிக் கெளுத்தி

இதை என் வலது கையால்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் என் கையை வெட்டிவிட்டார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வீட்டுக்கே வந்து என் முந்தானையை விலக்கிப் பார்த்துவிட்டுப் போனாள். ஐந்து விரலும் இருக்கிறது, தாயே. ஆள்காட்டி விரல் மட்டும் முழுசாக மடங்காது. அதனால் பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பிடித்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. "தினம் ஒரு பக்கம் எழுதுங்க, என்ன வேணா எழுதுங்க" என்று கைப்பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லியிருக்கிறாள். எதை எழுதுவது? பட்டதைத்தான் எழுத வேண்டும். பத்தாவது வரை படித்ததற்கு இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது.

என் பெயர் தேசம்மா. பழவேற்காடு ஏரிக்கரையில் மீன் விற்கிறேன், வெட்டியும் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் ஏழுமலை ஏரியில் வலை போடுகிறவர். ஒரே மகள் அமுலு, பொன்னேரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். இருபத்திரண்டு வருஷமாக அருவாமனையின் மேல் உட்கார்ந்து எழுந்தவள் நான். அதிலும் கெளுத்தி மீன் என்றால் என்னிடம்தான் வருவார்கள். கெளுத்திக்கு மூன்று முள் உண்டு. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூன்றிலும் ரம்பம் மாதிரிப் பல் இருக்கும். பயந்துவிட்டால் மூன்றையும் விறைத்துக்கொள்ளும், செத்தாலும் மடக்காது. குத்தினால் விஷம், பிடுங்கினால் சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முதலில் அந்த மூன்றையும் தட்டிவிட்டுத்தான் மீனைத் தொட வேண்டும். அதை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சும்மா சொல்லிக்கொண்டு திரிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் கரைக்குப் புதிதாக வள்ளி என்று ஒரு பெண் மருமகளாக வந்தாள். மீன் தெரியாத ஊரில் பிறந்தவள். முதல் மாதமே கெளுத்தி குத்தி, கையை உதறிக்கொண்டு அழுதாள். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "கெளுத்தியாண்ட குத்து வாங்குறவள்லாம் மீன்காரியா? போயி பூ கட்டி வில்லு!" எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குக் 'கெளுத்தி வள்ளி' என்றே பெயர். பெயர் வைத்தது இந்த வாய்தான்.

அப்புறம் ஒரு நாள் காலை, ஒரு மெட்ராஸ் வியாபாரியோடு விலை பேசிக்கொண்டே அன்னக்கூடைக்குள் பார்க்காமல் கையை விட்டேன். ஆள்காட்டி விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம், சுருக்கென்று ஏறியது. உயிர் போகிற வலி. 'ஐயோ' என்று வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கினேன். பிடுங்கிப் போட்டுவிட்டு, முகத்தைக்கூடச் சுளிக்காமல் அந்த வியாபாரிக்கு மீனை நிறுத்துக் கொடுத்தேன். பக்கத்துக் கூறில் வள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்தாள்.

வீட்டுக்குப் போய் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினேன். விஷம் ஏறக்கூடாது என்று வலை நூலால் விரலை இறுக்கிக் கட்டினேன். எங்கள் பக்கம் கெளுத்தி குத்தினால் ஒரு நாள் கடுக்கும், மறுநாள் போய்விடும் என்பார்கள். எனக்கு மறுநாள் போகவில்லை. அந்தக் கையோடு மூன்று நாள் ஐஸ் தண்ணீரிலும் மீன் தண்ணீரிலும் வேலை செய்தேன். விரல் பனங்கிழங்கு மாதிரி வீங்கிவிட்டது.

"இன்னாம்மே இது?" என்றார் வீட்டுக்காரர்.

"கத்தி பட்டுச்சு."

கத்தி பட்டால் வெட்கமில்லை. வெட்டுகிறவளுக்குக் கத்தி படத்தான் செய்யும். கெளுத்தி குத்தியது என்றால் அன்று மாலைக்குள் கரை முழுக்கக் 'கெளுத்தி தேசம்மா' ஆகிவிடுவேன். அதனால் வீட்டில் கத்தி என்றேன். பொன்னேரி டாக்டரிடமும் கத்தி என்றேன். அவர் ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். ஐந்தாம் நாள் ஜுரம் தூக்கியடித்தது. மணிக்கட்டுக்கு மேல் சிவப்பாக ஒரு கோடு ஏறியது. அமுலு அதைப் பார்த்துவிட்டுத் தன் நைனாவிடம், "நைனா, இனிமே ஒரு நிமிசம் வூட்ல வெச்சிருக்கக்கூடாது" என்றாள். மத்தியானத்துக்குள் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே காத்திருப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். சீட்டு வாங்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நமக்கு முன்னால் நிற்கிறவர் தன் நோய்தான் உலகத்திலேயே பெரிய நோய் என்று சொல்லுவார். நானும் சொன்னேன். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லியிருந்தார்கள், கீழே தொங்கவிட்டால் தெறித்தது. நாலு மணி நேரம் ஆசிர்வாதம் பண்ணுகிறவள் மாதிரி நின்றேன். ஒரு கிழவனார் நிஜமாகவே கும்பிட்டுவிட்டுப் போனார்.

சோதனையில் இரண்டு விஷயம் வந்தது. ஒன்று, எனக்குச் சர்க்கரை. மூன்று மாதமாக உடம்பில் சர்க்கரை எப்படி இருந்தது என்று ஒரே ரத்தத்தில் சொல்லிவிடுகிற சோதனை இருக்கிறதாம். அதில் கூடுதலாக வந்தது. இத்தனை நாள் எனக்கே தெரியாமல் கூடவே இருந்திருக்கிறது. இரண்டாவது, விரலுக்குள் சீழ். எங்கள் வார்டு டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். அவள்தான் புரிகிற மாதிரி சொன்னாள். விரலை மடக்குவது உள்ளே ஓடுகிற ஒரு கயிறு. அந்தக் கயிறு ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. குழாய்க்குள் சீழ் புகுந்தால் கயிறு அழுகும், அப்புறம் சீழ் உள்ளங்கைக்கு இறங்கும், அப்புறம் முழங்கை. அதற்குள் கீறித் திறந்து கழுவிவிட வேண்டும்.

"எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரரும் அமுலுவும் பக்கத்திலேயே நின்றார்கள். "மீன் வெட்ற கத்தி" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

அன்றே ஒரு தரம் கீறிக் கழுவினார்கள். சீழைக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று கண்டுபிடிப்பார்களாம். நாலு நாள் கழித்து மறுபடி கழுவினார்கள். கையைப் பஞ்சு வைத்துப் பெரிய மூட்டையாகக் கட்டி, மருந்து தொங்குகிற கம்பியிலேயே மாட்டிவிட்டார்கள். வீக்கம் இரண்டு நாள் குறையும், மூன்றாம் நாள் திரும்ப வரும். டாக்டரம்மா கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

பெண்கள் வார்டு என்பதால் ஆண்களைப் பார்வை நேரத்தில்தான் விடுவார்கள். வீட்டுக்காரர் மற்ற நேரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் நின்றார். பேசத் தெரியாத மனுஷன். நின்றுகொண்டே ஏரிச் செய்தி சொல்லுவார். "இன்னிக்கு வாடக் காத்து. மடவ ஒண்ணுகூட படலியாம்." போனில் யாரிடமாவது கேட்டுச் சொல்வதுதான். என் கையைப் பற்றிக் கேட்டால் அழுதுவிடுவார் என்று அவருக்கே தெரியும், அதனால் மடவை மீனைப் பற்றியே பேசினார். அமுலு கடைக்கு லீவு சொல்லிவிட்டு என் தலையை வாரிவிட்டாள், பல் தேய்த்துவிட்டாள். ஒரு கையை வைத்துக்கொண்டு பாவாடை நாடாகூடக் கட்ட முடியவில்லை. மகள் அதைக் கட்டிவிட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள், "ஏன் அழுவுற? நீ எனக்கு எத்தினி தபா கட்டியிருப்ப" என்றாள்.

பகலெல்லாம் சும்மா கிடப்பதுதான் எனக்கு நோயைவிடப் பெரிய ரோதனை. சும்மா கிடந்தால் யோசனை. விரல் போனால் அருவாமனையில் மீனை எப்படிப் பிடிப்பேன்? கை போனால் நான் யார்? நெஞ்சு படபடவென்று அடிக்கும். சர்க்கரை இருக்கிறதென்று காலையில் தருகிற ரொட்டியில் பாதியைத்தான் தின்னச் சொல்லியிருந்தார்கள். மீதி டப்பாவில் சேர்ந்துகொண்டே வந்தது. ஒரு நாள் இடது கை பாட்டுக்கு அதைப் பிய்த்துப் பிசைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தண்ணீர் தொட்டதும் ரொட்டி நல்ல மாவாகிவிட்டது. உருட்டினேன், நீட்டினேன், வாலை நசுக்கினேன். மடவை மாதிரி இருந்தது. நகத்தால் செதில் போட்டேன். மடவையேதான்.

எனக்கே ஆச்சரியம். பொம்மை செய்கிற வேலையெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் மடவையின் தலை எங்கே தட்டையாகும், உடம்பு எங்கே பருக்கும் என்று இந்தக் கைக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? இடது கைதான் என்றாலும், மீனைப் பிடித்துக்கொடுத்த கை அதுதானே. செய்கிற நேரம் முழுக்க நான் வார்டில் இல்லை. விடியலில் ஏரி தகடு மாதிரிக் கிடக்கும், அதில் மடவை ஒன்று துள்ளி விழும், அந்த இடத்தில் நான் நின்றேன். முடித்து நிமிர்ந்தபோது படபடப்பு அடங்கியிருந்தது. மருந்து நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நல்லா இருக்கே" என்றாள்.

அதற்குப் பிறகு விடுவேனா? நண்டு செய்தேன், எறா செய்தேன், கிழங்கான் செய்தேன். பனிக்காலத்தில் ஏரிக்கு வருகிற பூநாரைக்குக் காலாக இரண்டு ஈர்க்குச்சியைக் குத்தி நிற்க வைத்தேன். கட்டுத் துணியிலிருந்து உருவிய நூல், பெருக்குமாற்றுக் குச்சி, ஊசியின் மூடி, இவ்வளவுதான் என் சாமான். அலமாரி மேல் ஒரு சின்ன மீன் சந்தையே வந்துவிட்டது. கூடவே எறும்பும் வந்துவிட்டது. தலைமை நர்ஸ் திட்டினாள். திட்டிவிட்டு, "அந்த நண்ட மட்டும் எனக்குக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

பக்கத்துக் கட்டிலில் காட்டூர் ருக்கு. களையெடுக்கும்போது காலில் அரிவாள் பட்டுப் புண் ஆறாமல் வந்தவள். "யக்கா, எனக்கு ஒரு எரும மாடு செஞ்சி குடேன்" என்று கேட்டாள். செய்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாக்கா, எருமைக்கு வாலு மீன் வாலாட்டம் கீது?" என்றாள். எனக்கு மீன்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். வார்டே சிரித்தது. வந்த பிறகு நான் சிரித்ததும் அன்றுதான்.

எறும்புக் கதையை ஜன்னல் வழியாக வீட்டுக்காரரிடமும் சொன்னேன். மறுநாள் பார்வை நேரத்தில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை மடியில் மறைத்துக்கொண்டு வந்தார். திறந்தால் ஏரிச் சேறு! விடிகாலையில் ஊருக்குப் போய், நல்ல கருஞ்சேறாகப் பார்த்து அள்ளிக்கொண்டு, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். "ரொட்டிய எறும்பு தின்னுடுதுன்னு சொன்னியே" என்றார். நாற்றம் வார்டைத் தூக்கியது. தலைமை நர்ஸ் ஓடி வந்து, "அறுத்துத் தெறந்து வெச்ச கையி! இங்க சேத்த கொண்டாறீங்களே, அறிவிருக்கா?" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த எதுவும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டரைக் கூட்டி வந்தாள். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். அப்புறம் அவள் என் கட்டிலில் உட்கார்ந்தாள். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று ருக்கு சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டு தடவை கழுவியும் சீழ் நிக்கலம்மா. சோதனைக்கு அனுப்புனதுலயும் கிருமி எதுவும் வளரலை. உள்ளங்கைக்கு எறங்க ஆரம்பிச்சிருக்கு. நாளை மறுநாள் வரைக்கும் பார்ப்போம். குறையலைன்னா அந்த விரலை எடுத்துடறது நல்லது. இல்லன்னா கையே போயிடலாம்."

நான் தலையை ஆட்டினேன். அவள் போன பிறகுதான் அமுலு தேம்பியது காதில் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே வீட்டுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் மத்தியானம் வள்ளி வந்தாள். எதிர்பார்க்கவே இல்லை. தூக்குச் சட்டியில் கிழங்கான் மீன் குழம்பும் சோறும். என் அருவாமனையைத் துடைத்து எண்ணெய் போட்டுத் தன் வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னாள். என் இடத்தில் வேறு யாரும் கூறு போட்டு உட்கார்ந்துவிடாமல் தினமும் என் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருகிறாளாம். அமுலு தண்ணீர் பிடிக்கப் போனதும் கிட்டே குனிந்தாள்.

"யக்கா, டாக்டராண்ட மெய்யாலுமே இன்னா நடந்துச்சுன்னு சொன்னியா?"

"இன்னா நடந்துச்சு? கத்தி."

"நான் பாத்தேன்க்கா."

எனக்கு வந்ததே கோபம்! "இன்னாத்த பாத்த? கைய இழந்துட்டு குந்தியிருக்கேன், கிண்டல் பண்ண வந்தியா? எடுத்துனு போ உன் கொழம்ப!"

அவள் எழுந்துகொண்டாள். குழம்பை எடுக்கவில்லை. "நீயா சொல்ற வரைக்கும் நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா கை உன்னுது யக்கா" என்றாள். போய்விட்டாள்.

குழம்பைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. ரொட்டியை எடுத்துப் பிசைந்தேன். எது வருகிறதோ வரட்டும் என்று விட்டேன். பெரிய தலை வந்தது, அகல வாய் வந்தது, வழுவழுவென்று செதில் இல்லாத உடம்பு வந்தது. இத்தனை நாள் ஏரியில் இருக்கிற எல்லாவற்றையும் செய்திருக்கிறேன், இதை மட்டும் செய்யவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நூலைப் பிய்த்து மீசை வைத்தேன்.

"கெளுத்தியா? மீசை எட்டு வையி" என்றாள் ருக்கு.

"ஆறுதான்."

"எங்க ஊரு ஏரியில எட்டு கீது. எண்ணியே பாத்திருக்கேன்."

"அது உங்க ஊரு நல்ல தண்ணிக் கெளுத்தி. இது உப்புத் தண்ணிக் கெளுத்தி. ஆறு!"

கத்திக்கொண்டே ஈர்க்குச்சியை ஒடித்து முள் குத்தினேன். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. வார்டு பார்க்க டாக்டரம்மா வந்துவிட்டாள், பார்வை நேரம் என்பதால் கூடவே வீட்டுக்காரரும் அமுலுவும். டாக்டரம்மா சைவக் குடும்பம், மீனைத் தொட்டதே கிடையாது, ஆனால் என் சந்தையைத் தினமும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள்.

"இது என்ன புதுசா? மீசையெல்லாம் வெச்சிருக்கு!" என்று சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள்.

"ஐயோ, அங்க தொடாதீங்க டாக்டரம்மா! முள்ளு! ஏறுனா ஒடைஞ்சி உள்ளாறவே தங்கிடும்!"

சொன்னது நான்தான். ரொட்டி மீன் என்பதே மறந்துபோய்விட்டது. அவள் நீட்டிய விரல் அப்படியே நின்றது. மீனைப் பார்த்தாள். கம்பியில் தொங்குகிற என் கையைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"உள்ளேயே தங்கிடுமா?"

"சில தபா."

"அம்மா, உங்க கையில பட்டது கத்திதானா?"

வார்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரரைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷப் பெயர். ஆனால் வள்ளி சொன்னது காதிலேயே இருந்தது, கை என்னுடையது.

"கெளுத்திதான் குத்துச்சு" என்றேன். "வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமா?" அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரருக்கும் அமுலுவுக்கும் புரிந்தது. அமுலு வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்காரர், "அடிப்பாவி" என்றார், திட்டுகிற குரலில்கூட இல்லை.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. "பத்து நாள்மா! முதல் நாளே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு நடந்ததெல்லாம் ஓட்டமாக நடந்தது. கத்தி வெட்டில் வருகிற கிருமி வேறு, உப்புத் தண்ணீரில் வாழுகிற கிருமி வேறு என்று மருந்தையே மாற்றினார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பார்களே, அதே ஸ்கேனைக் கையில் வைத்துத் தேடினார்கள். எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பாக மறைந்துபோயிருந்த முள் துண்டு இதில் தெரிந்தது. கயிற்றுக் குழாயை ஒட்டி, சின்னதாக ஒரு கோடு. அன்று சாயந்திரமே அறுவைக்கு எடுத்துப்போனார்கள். தோளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டதால் நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, "கிடைச்சிடுச்சு!" என்று கத்தினாள். டாக்டர்கள் கத்துவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

சின்னப் புட்டியில் போட்டுக் காட்டினாள். அரிசிக் குறுணை அளவு. ஒரு பக்கம் ரம்பப் பல். இதற்காகவா பத்து நாள், இதற்காகவா ஒரு விரல் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் வீக்கம் குறைந்தது, திரும்ப வரவில்லை. விரலை எடுக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னபோது ருக்குதான் முதலில் குலவை போட்டாள். வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு மடவ நல்லா பட்டுச்சாம்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி, மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். மடக்கிப் பழக ரொட்டியைத்தான் கொடுத்தார்கள். இந்தத் தடவை வலது கையால் பிசையச் சொன்னார்கள். முதல் நாள் செய்த மடவை, ருக்குவின் எருமையைவிட மோசம். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன்.

கரைக்குப் போன முதல் நாளே, கூறு போட்டு உட்கார்ந்திருந்த எல்லார் முன்னாலும் நானே சொல்லிவிட்டேன். "கெளுத்திதான் குத்துச்சு. இனிமே வள்ளிய யாராச்சும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்டீங்க, தெரியும். அந்தப் பேரு எனுது." சிரித்தார்கள், சிரிக்கட்டும். வள்ளி சிரிக்கவில்லை. என் அருவாமனையைக் கொண்டுவந்து என் இடத்தில் வைத்தாள். கெளுத்தி வந்தால் இப்போது அவள் முள்ளைத் தட்டித் தருகிறாள், நான் வெட்டுகிறேன்.

போன வாரம் கையைக் காட்டப் போயிருந்தேன். டாக்டரம்மாவுக்கு ஒரு கெளுத்தி கொண்டுபோனேன். ஏரிச் சேற்றில் செய்து, நிழலில் காயவைத்து, வீட்டுக்காரர் சமையல் அடுப்பிலேயே சுட்டுக் கொடுத்தது. தலைமை நர்ஸ் பிடுங்க முடியாதபடி கல்லாக இருந்தது. ஆறு மீசை, மூன்று முள். அவள் அதை மேஜை மேல் வைத்தாள்.

எனக்கு அடுத்து ஒரு ஆள் உள்ளே வந்தான். ஆரம்பாக்கம் பக்கம், ஏரி வேலைதான், பார்த்தாலே தெரிந்தது. கையைத் துண்டால் சுற்றியிருந்தான். பிரித்தான். விரல் பனங்கிழங்கு.

"எப்படி அடிபட்டுச்சு?"

"கம்பி கிழிச்சிடுச்சுங்க."

டாக்டரம்மா எழுதவில்லை. மேஜை மேல் இருந்த கெளுத்தியை மெதுவாக அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். காது சிவந்துபோயிற்று. நான் வாசல்வரை போனவள் திரும்பி வந்து, என் கையை அந்த மீனுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

"எனுக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு, நைனா" என்றேன். "எத்தினி நாளாச்சு?"

அவன் என் விரலைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்தான்.

"மூணு" என்றான்.